மலை வீட்டில் மார்பிள் குயீன்: குளிருக்கும் மேகத்துக்கும் நடுவே தொங்கும் மணி பிளான்ட் வளர்க்க முழு வழிகாட்டி

கோத்தகிரிக்குக் குடிவந்த முதல் வருடம் அம்மா மேட்டுப்பாளையத்து வீட்டிலிருந்து ஒரு மணி பிளான்ட் தொட்டியைக் கொடுத்துவிட்டாள். பச்சையில் வெள்ளை தெளித்த மாதிரி இலைகள், நாலு அடிக்குத் தொங்கும் கொடி. "ரெண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி விடு, அது பாட்டுக்கு வளரும்" என்றாள். அவள் சொன்னபடியேதான் செய்தேன். பொங்கலுக்குள் தண்டின் அடிப்பகுதி கருத்து, தொட்டால் கொழகொழவென்று விட்டுவிட்டது. அம்மா சொன்னது தப்பில்லை, மேட்டுப்பாளையத்துக்கு அது சரியான யோசனைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கே ஏறி வரும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்பதால் செடிக்கு இது 10 டிகிரி குளிர்ந்த வேறொரு ஊர். வீட்டுச் செடி பற்றி நமக்குக் கிடைக்கிற யோசனைகள் பெரும்பாலும் சென்னை, கோவை வெயிலை மனதில் வைத்துச் சொன்னவை. அவற்றை அப்படியே இங்கே பின்பற்றினால் செடி போய்விடும். அதனால்தான் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வீட்டுக்குள் இந்தக் கொடியை வளர்க்க நினைப்பவர்களுக்காக, நான் இத்தனை வருடங்களில் பழகிக்கொண்டதை முழுசாக எழுதுகிறேன்.

முதலில் செடியைப் புரிந்துகொள்ளுங்கள்

மணி பிளான்டின் தாவரப் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினேசியாவில் இருக்கும் மோரியா என்ற தீவு. வருடம் முழுக்க வெதுவெதுப்பும் ஈரப்பதமும் உள்ள இடம், குளிர் என்றால் என்னவென்றே தெரியாத செடி. 18 முதல் 30 டிகிரி வரை நன்றாக வளரும், 15-க்குக் கீழே போனால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோகும், 10-க்குக் கீழே நீண்ட நேரம் இருந்தால் இலையும் தண்டும் கெட்டுப்போக ஆரம்பிக்கும். நம் வீடுகளில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஹீட்டர் போடாத அறை 12, 13 டிகிரிக்கு வந்துவிடும். அதாவது செடி சாகாது, ஆனால் வேலையும் செய்யாது. கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

அடுத்தது அந்த வெள்ளை. மார்பிள் குயீன், என்ஜாய் போன்ற ரகங்களில் இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. பச்சையம் இல்லாத இடத்தில் ஒளிச்சேர்க்கை நடக்காது. ஒரு இலையில் பாதி வெள்ளை என்றால், சமைப்பது பாதி இலை, சாப்பிடுவது முழு இலை. அதனால் சாதாரணப் பச்சை மணி பிளான்டைவிட இதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், வளர்வதும் மெதுவாகத்தான் இருக்கும். தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும், இதைப் பலர் யோசிப்பதில்லை.

தண்டை உற்றுப் பார்த்தால் அதிலும் வெள்ளைக் கோடுகள் ஓடுவது தெரியும். அந்தக் கோடுகள் முக்கியம், கொடியை வெட்டும் இடத்தில் மறுபடியும் அதற்கு வருகிறேன்.

எப்போது, எதை வாங்குவது

மார்ச் கடைசியிலிருந்து மே வரை வாங்குங்கள். இங்கே நர்சரிகளில் கிடைக்கும் மணி பிளான்டில் பெரும்பகுதி கீழே சமவெளியில் பசுமைக்குடிலில் வளர்ந்து லாரியில் ஏறி வந்தது. சூடான இடத்தில் செழித்த செடி டிசம்பரில் மலைக்கு வந்தால் ஒரே நாளில் அத்தனை குளிரையும் தாங்க வேண்டியிருக்கும், முதல் மாதத்திலேயே பாதி இலை மஞ்சளாகிக் கொட்டிவிடும். கோடையில் வந்தால் மழைக்கும் குளிருக்கும் முன்னால் வேர் பிடிக்க சில மாதம் அவகாசம் கிடைக்கும்.

வாங்கும்போது தொட்டிக்குள் கையை விட்டு அடித்தண்டை லேசாக அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். இலையின் அடிப்பக்கமும், இலைக்காம்பு தண்டோடு சேரும் மடிப்பும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம், மாவுப்பூச்சி ஒளிந்திருப்பது அங்கேதான். முழுக்க வெள்ளையாக இருக்கும் செடி கண்ணைப் பறிக்கும், ஆனால் மலையில் அதை வாங்காதீர்கள். பாதிக்குப் பாதி கலந்தது போதும். குளிர் கொஞ்சம் கடுமையாக இருக்கும் ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது மஞ்சள் தெளித்த சாதாரண கோல்டன் ரகம், அதில் பச்சை அதிகம், அதனால் தாங்கும் சக்தியும் அதிகம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தொட்டி மாற்றாதீர்கள். இரண்டு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி, அப்படியே வைத்திருங்கள்.

எங்கே வைப்பது

இங்கே வெளிச்சக் கணக்கு கொஞ்சம் வேறு. நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சி வெயில் நமக்கு வடக்குப் பக்கமாகச் சாய்ந்து வரும், மீதி மாதங்களில் தெற்கே. அதனால் தெற்கு ஜன்னலில் டிசம்பர், ஜனவரியில் வெயில் நன்றாக உள்ளே இறங்கும், ஜூன் மாதம் அதே ஜன்னலில் நேர் வெயில் இருக்காது. வடக்கு ஜன்னல் வருடத்தின் பெரும்பகுதி நிழல்தான்.

என் அனுபவத்தில் கிழக்கு ஜன்னல்தான் முதல் தேர்வு. காலை எட்டு, ஒன்பது மணி வெயில் இலையில் நேராகப் பட்டாலும் சுடாது, அதோடு இரவு குளிர்ந்துபோன தொட்டி சீக்கிரம் சூடாகும், இங்கே அது பெரிய நன்மை. அடுத்தது தெற்கு, ஆனால் பனிக்கால மதிய வெயிலுக்கு ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள். குளிராக இருக்கிறதே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிதாகிறது, மேகமில்லாத ஜனவரி மதியத்தில் மலை வெயில் நல்ல கடுமையாக இருக்கும். நமக்கே கன்னம் கருக்கும்போது பச்சையமே இல்லாத வெள்ளைப் பகுதி என்ன செய்யும், அதுதான் முதலில் பழுப்பாகக் கருகும். கருகிய இடம் திரும்ப வெளுக்காது.

பழைய பங்களாக்களில் இருக்கும் கண்ணாடி வராண்டா இந்தக் கொடிக்கு வரம் மாதிரி, பகல் முழுக்க வெளிச்சமும் கதகதப்பும். ஆனால் அதே வராண்டா இரவில் வீட்டின் மிகக் குளிர்ந்த இடம். இலை கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு இருந்தால் விடியும்போது அந்த இடம் மட்டும் நீர்கோத்த மாதிரி கறுத்துப்போகும். கண்ணாடிக்கும் கொடிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் உள்ளறைக்கு எடுத்துவிடுங்கள்.

எஸ்டேட் லைன் வீடுகளில் ஜன்னல் சின்னது, அதுவும் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்த மாதிரி வீடானால் ஜன்னலுக்கு ஒன்றிரண்டு அடிக்குள் தொங்கவிடுங்கள், அறையின் மூலையில் அழகாக இருக்கிறது என்று அங்கே வைத்தால் ஆறே மாதத்தில் புது இலைகள் பச்சையாகத்தான் வரும். அதுவும் போதவில்லை என்றால் ஒரு 12 வாட் வெள்ளை எல்இடி பல்பைச் செடிக்கு ஒன்றரை அடி மேலே தொங்கவிட்டு நாளைக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். மாதத்துக்கு நாலரை யூனிட்டுக்குள்தான் வரும். ஜூன், ஜூலையில் நாள் கணக்கில் மேகம் இறங்கி நிற்கும் கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன்.

மண்ணும் தொட்டியும்

தோட்டத்துச் சிவப்பு மண்ணை அப்படியே போடாதீர்கள். தேயிலைக்கு நல்லது என்பதால் மணி பிளான்டுக்கும் நல்லது என்று ஆகிவிடாது. தொட்டிக்குள் அது இறுகி, ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, வேருக்குக் காற்றே போகாமல் செய்துவிடும். நான் கலப்பது இப்படி: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நாலு பங்கு, பெர்லைட் (எடையே இல்லாத வெள்ளைக் கல் பொரி) மூன்று பங்கு, மண்புழு உரம் இரண்டு பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் கடலைப்பருப்பு அளவுக்கு உடைத்துச் சலித்த செங்கல் துண்டு போதும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் கோகோபீட் கட்டியை நனைத்த பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். சமவெளியில் இருப்பவர்கள் பெர்லைட்டை இதில் பாதிதான் போடுவார்கள். நமக்கு வேண்டியது சீக்கிரம் காயும் கலவை.

தொட்டியின் அளவில் ஆசைப்படக் கூடாது. வேர்ப் பந்தைவிட ஒரு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு வழிவிடும். மண் தொட்டியா பிளாஸ்டிக்கா என்று கேட்டால், கை கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் விடுகிறவர்களுக்கு மண் தொட்டி, தொங்கவிடுவதற்கு எடை குறைந்த பிளாஸ்டிக். அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் ஜாடியில் நேரடியாக நடவே வேண்டாம்.

தண்ணீர்

கிழமை பார்த்து ஊற்றுவதை விட்டுவிடுங்கள். மேகம் இறங்கிய வாரத்தில் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கிறது, துவைத்த துணியே நாலு நாள் காயாமல் கிடக்கிறது, தொட்டி மண் மட்டும் எப்படிக் காயும்? நான் இப்போதும் கயிற்றில் காயப்போட்ட துணியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். துணி காயாத வாரத்தில் செடிக்குத் தண்ணீர் கிடையாது.

இதைவிடத் துல்லியமாக வேண்டும் என்றால் எடை. தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், அந்தக் கனம் கைக்கு ஞாபகம் இருக்கட்டும். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. என்னுடைய 6 அங்குலத் தொட்டி நனைந்திருக்கும்போது 1 கிலோ 200 கிராம், காய்ந்தால் 700 கிராம் பக்கம். 750-க்கு வந்தால்தான் ஊற்றுவேன். ஏப்ரலில் அது ஏழெட்டு நாளில் வரும், ஜனவரியில் மூன்று வாரம்கூட ஆகும். தராசு இல்லாவிட்டால் விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள், அதுவரை காய்ந்திருக்க வேண்டும். மேல் மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஊற்றும்போது அடியில் வடியும் வரை நன்றாக ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கால் மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். தினமும் அரை டம்ளர் தெளிப்பது மோசமான பழக்கம். அப்புறம், பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும், அதை நேராக வேரில் ஊற்றக் கூடாது. கொஞ்சம் வெந்நீர் கலந்து, கையில் ஊற்றினால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் பதத்தில் ஊற்றுங்கள். நேரம் காலை பத்து, பதினொரு மணி. மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க வேர் குளிர்ந்த சேற்றில் கிடக்கும், என் அம்மா கொடுத்த செடி அப்படித்தான் போனது.

இலை மேல் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். இங்கே தேவையில்லை. இரவெல்லாம் ஹீட்டரோ கணப்போ எரியும் அறையில் மட்டும் காற்று வறண்டுபோகும், அங்கேகூடத் தெளிப்பதைவிடச் செடியைச் சூட்டுக்குத் தள்ளி வைப்பதுதான் வழி.

இலை மஞ்சளானால் உடனே தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது வயதால். பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளாகி, மண் ஈரமாகவும் இருந்தால் வேர் அழுகல். இலை துவண்டு, மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்தால்தான் தாகம். அழுகல் என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே தொட்டியிலிருந்து உருவுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ கெட்டியாக இருக்கும், அழுகியது கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வரும். அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, புதுக் கலவையில், முன்பைவிடச் சின்னத் தொட்டியில் நடுங்கள். தண்டே கறுத்துவிட்டதா, மேலே நன்றாக இருக்கும் கொடியை வெட்டி வேர்விட வைப்பதுதான் ஒரே வழி.

வெட்டுவதும் புதுக்கொடி எடுப்பதும்

இதைப் பயமில்லாமல் செய்யுங்கள். மணி பிளான்ட் மரத்தில் ஏறும்போது இலை பெரிதாகிக்கொண்டே போகும், தொங்கும்போது இலை சின்னதாகும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும். அதனால் தொங்கவிட்ட கொடி இரண்டு வருடத்தில் மேலே மொட்டையாகவும் நுனியில் மட்டும் நாலு இலையோடும் நிற்கும். செடியின் குறை இல்லை அது, தொங்கும் எந்த மணி பிளான்டும் அப்படித்தான். வருடம் ஒருமுறை ஏப்ரலில் நீளமான கொடிகளைப் பாதிக்கு வெட்டி, வெட்டியதை வேர்விடவைத்து அதே தொட்டியில் நட்டால்தான் மேலே அடர்த்தியாக இருக்கும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் அந்த வெள்ளைக் கோடு உதவும். ஒவ்வொரு இலைக்கும் காம்பின் மடியில் ஒரு மொட்டு உறங்குகிறது. அந்த மொட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் தண்டு என்ன நிறமோ, பெரும்பாலும் அதே நிறத்தில்தான் புதுக்கொடி வரும். அங்கே முழுப் பச்சையாக இருந்தால் பச்சைக் கொடி வரும், வெள்ளையும் பச்சையும் கோடு கோடாகக் கலந்திருந்தால் நமக்கு வேண்டியது கிடைக்கும். முழு வெள்ளையாக இருந்தால் வரும் துளிரும் வெள்ளைதான், அதற்குச் சொந்தமாகச் சமைக்கத் தெரியாது, தாய்ச்செடியை அண்டியே கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் காய்ந்துவிடும். ஆகவே கலந்த கோடு இருக்கும் கணுவுக்கு அரை அங்குலம் மேலே வெட்டுங்கள்.

ஒரு கொடியில் வரிசையாக மூன்று இலை முழுப் பச்சையாக வந்தால், கடைசியாகக் கலப்பு நிறம் இருந்த இலை வரை பின்னால் வந்து வெட்டிவிடுங்கள். பச்சைக்குப் பலம் அதிகம், விட்டுவைத்தால் தொட்டியையே பிடித்துக்கொள்ளும். மூன்று இலை முழு வெள்ளையாக வந்தாலும் அதே வைத்தியம்தான். ஒரே ஒரு இலை அப்படி வந்தால் விட்டுவிடுங்கள், அடுத்தது மாறலாம்.

வெட்டிய துண்டில் கணு இருக்க வேண்டும், பழுப்பாக மொட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் காற்று வேர் இருந்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். கணு இல்லாத வெறும் இலை தண்ணீரில் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், சில சமயம் வேர்கூட விடும், ஆனால் அதிலிருந்து கொடி வராது. இரண்டு கணு உள்ள துண்டாக வெட்டி, கீழ் இலையை எடுத்துவிட்டு, கணு தண்ணீருக்குள் இருக்கும்படி ஒரு பாட்டிலில் வையுங்கள். சமவெளியில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். இங்கே ஐந்தாறு வாரம் ஆகலாம், தினமும் எடுத்துப் பார்க்காதீர்கள். வீட்டில் எப்போதும் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும் இடத்தைத் தேடி வையுங்கள், எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜின் மேற்புறம், ஜன்னல் வெளிச்சமும் அங்கே விழுகிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். வேர் இரண்டு அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், தண்ணீரிலேயே நீளமாக வளர்ந்த வேர் மண்ணில் பிடிக்கத் தடுமாறும். நட்ட முதல் இரண்டு வாரம் மட்டும் மண்ணைச் சற்று ஈரமாக வைத்திருங்கள்.

உரம், பூச்சி

உரம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை, ஈர மண்ணில். இல்லாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். அக்டோபரில் நிறுத்திவிடுங்கள், தூங்கும் செடிக்குச் சாப்பாடு கொடுத்தால் உப்பு சேர்ந்து இலை நுனிதான் கருகும்.

மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் மருந்துக்கடை ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள், பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து வாரம் ஒருமுறை மூன்று வாரம் அடியுங்கள். குளிரில் வேப்பெண்ணெய் நெய் மாதிரி உறைந்திருக்கும், பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். மண்ணின் மேல் சின்னக் கறுப்புக் கொசு மாதிரிப் பறந்தால் மண் ரொம்ப நாளாக ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம், மருந்து தேட வேண்டாம், தண்ணீரை நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் இலைகளைத் துடைப்பதும் நல்லது, தூசி போனால் வெளிச்சம் கூடுதலாகப் படும், பூச்சியும் ஆரம்பத்திலேயே கண்ணில் படும்.

பூனையும் ஓடையும்

இந்தச் செடி முழுக்கக் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். பூனை, நாய், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கொடியின் நுனி எட்டாத உயரத்தில் தொங்க வேண்டும். பூனைக்கு ஆடும் கொடி என்றால் விளையாட்டுதான், அதனால் நீளத்தைக் குறைத்தே வைத்திருங்கள். வெட்டும்போது வடியும் சாறு சிலருக்குக் கையில் அரிக்கும், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். வெட்டிய கொடியை ஓடையிலோ சோலை ஓரத்திலோ வீசாதீர்கள். மணி பிளான்ட் இலங்கை, ஹவாய் போன்ற இடங்களில் காட்டுக்குள் புகுந்து மரங்களை மூடி ஆக்கிரமித்த செடி. ஒரு கணு போதும் அதற்கு. மேலே குளிரில் அது அடங்கிக் கிடக்கலாம், ஆனால் இங்கிருந்து போகும் ஓடைத் தண்ணீர் இறங்குவது குஞ்சப்பனை, பர்லியார் மாதிரி வெப்பமான சரிவுகளுக்கு. வெளியிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரமும் நம் மலையில் என்ன செய்திருக்கின்றன என்று தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வேண்டாத கொடியைக் கணுக்கணுவாக நறுக்கி, மாடியிலோ தகரக் கூரையிலோ வெயிலில் ஒரு வாரம் காயப்போட்டு, நொறுங்கும் பதத்துக்கு வந்த பிறகு உரக்குழியில் போடுங்கள். நல்ல துண்டுகளைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுங்கள், கொடுக்கும்போது எடை பார்த்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கொடுங்கள்.